பீரோவும் ஜிப்சியும் மலை ஏறிய விதம்

தச்சநல்லூரில் எங்கள் எதிர்வீடு திருஞானசம்பந்தம் அண்ணாச்சியுடையது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பல வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக்கு ஏரல் பக்கம் ஆற்றுப்பாசனத்தில் நிறைய வயல் இருந்தது. தாத்தா காலத்தில் பாதி போனது. மீதியில் பெரும்பகுதி அப்பா காலத்தில் போனது. இவர் கைக்கு வந்தது ஒரு துண்டு. அதையும் விற்று, தொண்ணூற்று நான்காம் வருடம், ஒரு பழைய ஜிப்சி ஜீப் வாங்கினார்.

காரணம் மகள். ஒரே மகள் சங்கரியை, மாஞ்சோலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த மகேஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். சீராகக் கொடுத்த இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், கிரைண்டர் எல்லாம் கல்யாண மண்டபத்திலிருந்து நேராக அண்ணாச்சி வீட்டு ஹாலுக்கே திரும்பி வந்து நின்றன.

"எஸ்டேட் லாரி அடிக்கடி கீழ வருது மாமா. ஏத்தி விட்டுருங்க, நான் மேல எறக்கிக்கிடுதேன்" என்றார் மாப்பிள்ளை.

அண்ணாச்சிக்கு அது கௌரவமாகப் படவில்லை. "தேயில மூட்டையோட மூட்டையா எம் மக சீர் போவுமா? நானே கொண்டாந்து எறக்குதேன் மாப்ள. ஒரு மாசம் பொறுங்க."

அந்த ஒரு மாசம் முடிய இரண்டு வருடம் ஆனது.

வண்டியை விற்றுக்கொடுத்த அம்பாசமுத்திரம் தரகர் ஒளிவுமறைவில்லாமல்தான் பேசினார். "எஸ்டேட் டாக்டர் வச்சிருந்த வண்டி சார். வாங்குன நாள்ல இருந்து அந்த மலைதான். ஏறும், எறங்கும். ஒரு தொந்தரவு கெடையாது."

வேறு யாராவது என்றால் இதைக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பார்கள். அண்ணாச்சிக்குக் கவலை வந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்ற வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து என்னிடம் சொன்னார்: "இத்தன வருசம் மல ஏறி எறங்கியிருக்குன்னா உள்ள என்னெல்லாம் தேஞ்சிருக்கும், யோசியும். மொதல்ல இத மலைக்குத் தயார் பண்ணணும்வே."

தயார் பண்ணியவர் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த ஹாஜா. நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு குறை, அவர் வாயில் 'வேண்டாம்' என்ற சொல் வராது. ரேடியேட்டருக்குப் பெரிய விசிறி போட முடியுமா? செஞ்சிருவோம் சார். முன்னால் மரம் விழுந்தாலும் தாங்குகிற மாதிரி ஒரு இரும்பு பம்பர்? அதுக்கென்ன சார், செஞ்சிருவோம். யானை வந்து முட்டினால்? அதுக்கும் செஞ்சிருவோம் சார், யானை எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு மட்டும் சொல்லிருங்க.

யானைக்குத் தோதான பம்பர் வந்தது. அதன் கனத்தில் வண்டியின் மூக்கு இறங்கிவிட்டது. மூக்கைத் தூக்க முன்பக்கத்துக்குக் கெட்டியான ஸ்பிரிங் பட்டைகள் போட்டார்கள். மூக்கு தூக்கிக்கொண்டது, ஆனால் வண்டி கட்டை வண்டி மாதிரி குதித்தது. டவுனுக்குக் காய்கறி வாங்கப் போன கோமு மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, வழியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்காக சீட்டில் இரண்டு மடங்கு ஸ்பஞ்சு வைத்தார்கள். இப்போது அண்ணாச்சியின் தலை கூரையில் இடித்தது. கூரையைக் கழற்றிவிட்டு, உயரமாகக் கம்பி வளைத்துப் படுதா போட்டார்கள். வேகமாகப் போனால் படுதா படபடவென்று அடித்துக்கொண்டது. அதனால் அண்ணாச்சி வேகமாகப் போவதை விட்டுவிட்டார். "மலைக்கு வேகம் ஆகாதுவே" என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்தது டிரெய்லர். பீரோவும் கட்டிலும் ஜீப்புக்குள் போகாது என்பதால் பின்னால் இழுத்துக்கொண்டு போக இரண்டு சக்கரத்தில் ஒரு சின்ன டிரெய்லர் செய்யச் சொன்னார். வண்ணார்பேட்டையில் அதைச் செய்துகொடுத்த பட்டறை, பிறந்த நாள் முதல் டிராக்டருக்கே டிரெய்லர் செய்து பழகியது. கை பழகியபடிதானே வரும்? அளவில் சின்னதாக, கனத்தில் குறையாமல் வந்து சேர்ந்தது. பீரோவை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஜீப்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்று அண்ணாச்சியே பெருமையாகச் சொன்னார்.

இத்தனை செய்தபின் சோதித்துப் பார்க்க வேண்டாமா? திருநெல்வேலியில் மேடு என்று சொல்ல ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை விட்டால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் டிரெய்லரில் பீரோவுக்குப் பதிலாக மணல் மூட்டை அடுக்கி, நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, உறுமிக்கொண்டு பாலத்தில் ஏறுவார். அந்தப் பக்கம் இறங்கி, ஊரைச் சுற்றி வந்து மறுபடியும் ஏறுவார். ஒரு நாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"சார், போன வாரமும் வந்தீய, அதுக்கு முந்துன வாரமும் வந்தீய. பாலத்துல எதயும் தொலச்சிட்டீயளா?"

"சோதன ஓட்டம்" என்றார் அண்ணாச்சி.

"பாலம் கட்டி வருசக்கணக்காச்சே சார், இன்னுமா சோதிக்கீய?"

நான் ஒருமுறை கேட்டேன், "டிரெய்லரோட ரிவர்ஸ் எடுத்துப் பாத்தீயளா அண்ணாச்சி?"

"மலைக்குப் போறவன் முன்னாலதானவே போவான்? பின்னால எதுக்குப் போவணும்?"

இதற்குள் சங்கரி தலைப்பிரசவத்துக்கு இறங்கி வந்தாள். விஜயஸ்ரீ பிறந்தாள். ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்கரி பஸ் ஏறி மலைக்குத் திரும்பிப் போனாள். வண்டி அப்போதும் ஹாஜா பட்டறையில், இரண்டாவது ரேடியேட்டருக்காக நின்றது. ஹாலில் இருந்த சீர் சாமான்களோடு ஒரு தொட்டிலும் சேர்ந்துகொண்டது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து சங்கரி போன் செய்வாள். எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். அண்ணாச்சி வந்து பேசுவார்.

"அப்பா, பீரோ வேண்டாம்ப்பா. நீங்க வாங்க. பஸ்ஸுல வந்தாலே போதும்."

"ஆயிட்டும்மா. பிரேக்குக்கு ஒரு சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும். அது வந்தா கெளம்பீருவேன்."

மெட்ராஸிலிருந்து வந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒன்று வர வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கோமு மதினி எங்கள் வீட்டில் உறைக்கு மோர் வாங்க வந்தவள், உட்கார்ந்துவிட்டாள். எதிரே அண்ணாச்சி வண்டிக்கு அடியில் கிடந்தார், இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாப்பிள்ள வீடு பாக்கப் போனோம்லா, அன்னைக்கு பஸ்ஸுல மூணாவது வளைவுலயே கண்ண மூடுனாக. மேல போய்ச் சேருத வரைக்கும் தொறக்கல. முன் சீட்டுக் கம்பியப் புடிச்ச கைய நாந்தான் விரல் விரலாப் பிரிச்சு எடுத்தேன். எறங்கும்போதும் அதே கததான். பித்தம்னு சொல்லிட்டாக. பித்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பள்ளத்தப் பாத்தா இவுகளுக்கு உதறும். வண்டிக்கு என்னமும் ஒண்ணு செஞ்சுக்கிட்டே இருந்தா போவ வேண்டாம்லா?"

கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மோரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தொண்ணூற்று ஆறு மாசியில் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. சங்கரிக்கு உடன்பிறந்தான் இல்லை. தாத்தா மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். இதற்குத் தள்ளிப்போட வழியில்லை. அண்ணாச்சி பிரேக் திரவம், விசிறி வார் என்று தொடங்கினார். கோமு மதினி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"வெள்ளிக்கிழம காலையில நான் பஸ்ஸுல போறேன். நீங்க பீரோவோட வந்தாலும் சரி, பீரோவுக்குள்ள இருந்து வந்தாலும் சரி."

வெள்ளிக்கிழமை விடியும்போது டிரெய்லரில் பீரோ படுத்திருந்தது. அதன் மேல் கட்டில், கட்டிலுக்கு மேல் தொட்டில், ஓரத்தில் கிரைண்டர். டிரெய்லரின் முன்பாரம் குறைகிறது என்று கணக்குப் போட்டு, பாலத்தில் பழகிய மணல் மூட்டைகளில் இரண்டும் ஏறின. ஜீப்புக்குள்ளே மாற்றுச் சக்கரங்கள், தண்ணீர் கேன்கள், கயிறு, ஜாக்கி, தீயணைக்க மணல் வாளி, ஸ்டவ். மனுசருக்கு என்று இருந்தது முன்னால் ஒரு இடம்தான். அதில் நான் உட்கார்ந்தேன். மடியில் பெரிய மரக்கட்டை.

"வண்டி பின்னால சறுக்குனா நீரு குதிச்சு எறங்கி சக்கரத்துக்கு அடியில கட்டையப் போடணும்" என்றார் அண்ணாச்சி.

"நான் எப்பம் குதிக்கணும்?"

"நான் சொல்லுதேன்."

நாங்கள் கிளம்பிய பிறகு கோமு மதினி கைப்பையோடு பஸ்ஸுக்குப் போனாள்.

மணிமுத்தாறு செக்போஸ்டில் வனக்காவலர் வண்டியை ஒரு தடவை பார்த்தார், டிரெய்லரை ஒரு தடவை பார்த்தார். "குடித்தனம் மாத்துதீயளா சார்?" என்றார். அண்ணாச்சி சோதனை ஓட்டங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காவலர் பாதியிலேயே தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

மலை ஏறத் தொடங்கினோம். வண்டியைக் குறை சொல்லக்கூடாது. நடந்து போகிறவர் வேகத்தில் என்றாலும், அந்தப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு ஏறத்தான் செய்தது. குறை அண்ணாச்சியிடம்தான். ஸ்டியரிங்கில் நெஞ்சு படும்படி குனிந்து, பாதையைத் தவிர எதையும் பார்க்காமல், 'சிவசிவா' என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு வந்தார். வலது பக்கம் பள்ளம் வந்தால் வண்டி இடது பக்கம் மலையை உரசிக்கொண்டு போகும். அப்படி உரசியதில்தான் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பிவிட்டது, டிரெய்லர் திரும்பவில்லை. அதன் உள்சக்கரம் மலையோரத்து வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

"கட்ட!" என்று கத்தினார் அண்ணாச்சி. நான் குதித்தேன். வண்டி எங்கும் சறுக்கவில்லை, அசையவே இல்லை. ஆனாலும் வைத்தேன்.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பஸ் வந்து நின்றது.

அண்ணாச்சி வண்டியை முன்னால் இழுத்துப் பார்த்தார். சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியது. கொஞ்சம் பின்னால் போனால்தான் வெளியே எடுக்கலாம். அண்ணாச்சி தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்தார். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாரோ அதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போனது. பதறி இன்னும் ஒடித்தார், இன்னும் போனது. கடைசியில் ஜீப்பும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கி, பாதையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு நின்றன. மேலேயிருந்து இறங்கி வந்த தேயிலை லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்து நின்றது. மாப்பிள்ளை முதல் நாளே சொன்ன அந்த எஸ்டேட் லாரிதான்.

பஸ்ஸிலிருந்த எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் இசக்கிராஜா முண்டாசை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அண்ணாச்சி, இத யாரு இங்கன கொண்டு வரச் சொன்னா?"

அண்ணாச்சிக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது போல. ஒரு குச்சியை எடுத்துப் பாதை மண்ணில் ஜீப்பை வரைந்தார், டிரெய்லரை வரைந்தார், விசை எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டார். "இப்பம் நாம என்ன செய்யணும்னா..."

உவரியிலிருந்து வாங்கிய கருவாட்டுப் பெட்டியோடு வந்திருந்த தங்கத்தாய் என்ற எஸ்டேட் தொழிலாளி எட்டிப் பார்த்தாள். "படம் நல்லா இருக்குய்யா. தூக்குதது எப்பம்? எனக்குச் சோறு பொங்கணும்."

சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சி அம்புக்குறியைக் காலால் அழித்தார்.

நான் பஸ்ஸைப் பார்த்தேன். எல்லோரும் இறங்கியிருக்க, ஜன்னல் ஓரத்தில் ஒருத்தி மட்டும் முந்தானையை முகத்தில் பாதி மூடி, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தை ரசித்துக்கொண்டிருந்தாள். தங்கத்தாய் ஜன்னலடியில் போய்க் கேட்டாள், "யம்மா, யாரு இந்த ஆளு? டவுன் ஆளாட்டம் இருக்கு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே" என்றாள் கோமு மதினி. "யாரு பெத்த பிள்ளையோ, பாவம்."

"இந்த மலையில பீரோவக் கெட்டி இழுக்காம்மா! பொண்டாட்டிக்காரி ஒருத்தி இருந்து சொல்ல மாட்டாளா?"

"சொல்லியிருப்பா. கேட்டுருக்க மாட்டாரு."

அப்போதுதான் அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "கோமு!" என்று கூப்பிட்டார். மலை அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. தங்கத்தாய் கருவாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

கோமு மதினி இறங்கி வந்தாள். மண்ணில் கிடந்த படத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, கூட்டத்திடம் சொன்னாள், "ஐயாமாரே, மொதல்ல பீரோவ எறக்குங்க."

இறக்கினார்கள். பீரோ, கட்டில், தொட்டில், கிரைண்டர் எல்லாம் பஸ் கூரைக்குப் போயின. மணல் மூட்டையைப் பார்த்ததும் இசக்கிராஜா, "இதுவும் சீரா?" என்று கேட்டார். மூட்டைகளை ஓரத்தில் இறக்கிப் போட்டார்கள். கண்டக்டருக்கு மட்டும் ஒரு சட்டப் பிரச்சினை வந்தது. பீரோவுக்கு மூட்டைக் கணக்கில் டிக்கெட் போடுவதா, ஆள் கணக்கில் போடுவதா? விடாமல் ஹாரன் அடித்த லாரிக்கு வழிவிட வேண்டியிருந்த அவசரத்திலும் அவர் அதை விடவில்லை. கடைசியில் தொட்டிலுக்கு மட்டும் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

காலி டிரெய்லரைக் கழற்றி, ஆட்கள் சேர்ந்து கையாலேயே தூக்கி வளைவின் அகலமான ஓரத்தில் தள்ளி வைத்தார்கள். ஜீப்பை நேராக்கினார்கள். லாரி இறங்கிப் போனது. எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். அண்ணாச்சி மட்டும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது இழுக்க ஒன்றும் இல்லை, சரிபார்க்கவும் ஒன்றும் இல்லை. மலை மட்டும்தான் இருந்தது.

கோமு மதினி என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க அந்தக் கட்டையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் போங்க" என்றாள். நான் போனேன். அவள் என் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னர் நடந்ததை அவள்தான் எங்களிடம் சொன்னாள்.

"எனக்கு முடியல கோமு" என்றாராம் அண்ணாச்சி.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீங்க ரோட்டப் பாருங்க. பள்ளத்தப் பாக்க நான் இருக்கேன். பைய ஓட்டுங்க."

அப்படித்தான் மேலே வந்தார்கள். பள்ளம் எந்தப் பக்கம் வந்தாலும் அதைப் பார்ப்பது அவள் பொறுப்பு. "இருக்கா?" என்று அவர் கேட்பாராம். "இருக்கு, அது பாட்டுக்கு இருக்கு" என்று அவள் சொல்வாளாம்.

ஜீப் எஸ்டேட்டுக்கு வந்தபோது பீரோ வீட்டுக்குள் போய்விட்டிருந்தது. கட்டிலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மாமாவைக் கண்டதும் எழுந்து, "லாரி..." என்று தொடங்கி, சங்கரி பார்த்த பார்வையில், "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா மாமா?" என்று முடித்தார். சங்கரி ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். வீட்டுக்குள் கூட்டிப் போகும்வரை அவள் விடவில்லை.

மறுநாள் காது குத்தும்போது பேத்தி அழுதாள். தாத்தாவும் அழுதார். குத்த வந்த ஆசாரிக்கு யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை.

ஊர் திரும்பியபின் அண்ணாச்சி பெரிய ஆளாகிவிட்டார். மலைக்கு டிரெய்லர் இழுத்துக்கொண்டு போனவர் என்ற பெயர் பாளையங்கோட்டை வரை பரவியது. ஒரு சங்கத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். 'மலைப்பாதையும் இழுவை வண்டியும்' என்ற தலைப்பில் நல்ல கூட்டம். அந்த வளைவில் நடந்தது அவர் பேச்சில், "பாதையின் தன்மையை ஆராய்ந்து, உரிய இடத்தில் டிரெய்லரைப் பிரித்துவிட முடிவெடுத்தேன்" என்று ஆகியிருந்தது. முன்வரிசையில் இருந்த கோமு மதினி, ஆமாம் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக ஜீப் வாங்கிய ஒரு வங்கி அதிகாரி எழுந்து, மலைக்குப் போகுமுன் வண்டியில் அவசியம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டார். அண்ணாச்சி முன்வரிசையைப் பார்த்தார்.

"முன் சீட்டக் காலியா வச்சுக்கிடும்" என்றார்.

கேட்டவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

வளைவில் கிடந்த டிரெய்லரை எஸ்டேட் ஆட்கள் ஒரு வாரம் கழித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது அண்ணாச்சியும் மதினியும் ஜீப்பில் மேலே போய் வந்தார்கள். அந்த வருடம் மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். டிரெய்லரின் மேல் மூங்கில் கட்டி, காகிதப்பூ ஒட்டி, வாழைக்குலை தொங்கவிட்டு, சப்பரமாக்கி, அதில் அம்மனை வைத்திருந்தார்கள். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடுவே மேளத்தோடு இழுத்து வந்தார்கள். டிராக்டர் பட்டறையின் இரும்பு அம்மனுக்குச் சரியாக இருந்தது, துளி ஆடவில்லை.

கோயில் பூசாரி சுடலையாண்டி அண்ணாச்சியைத் தேடி வந்து கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினார். "சப்பரம் செஞ்சு குடுத்த ஐயா இவுகதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, தலையில் பரிவட்டம் கட்டினார்.

அண்ணாச்சி மறுக்கவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, அச்சுக்குக் கொஞ்சம் மசகு போட வேண்டும் என்று பூசாரியிடம் மெதுவாகச் சொன்னார்.